வீங்கிய முழங்காலும் லைம் நோயும்: மருத்துவப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது

புரோசார்ட் அமைந்துள்ள மொன்ரெஜி பிரதேசமும் அதன் கிழக்கே உள்ள எஸ்த்ரி பிரதேசமும் கியூபெக் மாகாணத்தில் லைம் நோய் மிகுதியாகக் காணப்படும் பகுதிகளாகும். மாகாணத்துக்கு உள்ளேயே இந்நோய் தொற்றியவர்களில் பெரும்பாலோர் இவ்விரு பிரதேசங்களிலும் உண்ணிக் கடிக்கு உள்ளானவர்கள். புல்வெளியில் நடந்து வந்தபின் உடலைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை இன்று பலரும் அறிவர். ஆனால் அந்தக் கடி மறந்துபோய், கோடை கழிந்து, பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு முழங்கால் திடீரென வீங்கினால், அதற்கும் உண்ணிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நினைப்பவர்கள் மிகக் குறைவு. அவ்வாறு வீங்கிய மூட்டை மருத்துவர்கள் எவ்வெப் படங்களால் ஆராய்கிறார்கள், அப்படங்களின் அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது, எதற்குப் பணம் செலுத்த வேண்டும், எதற்குச் செலுத்த வேண்டியதில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வது நன்று. முழங்காலைப் படம் எடுத்துக்கொண்டவர்களின் அறிக்கையில் ‘சினோவித்’ என்ற பிரெஞ்சுச் சொல் அடிக்கடி காணப்படும். மொழிபெயர்த்துத் தரும்படி அறிக்கையை நீட்டும் பலர், அதுவே தங்கள் நோயின் பெயர் என்று எண்ணியிருப்பர். அது நோயின் பெயர் அன்று. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு அழற்சியுற்றுத் தடித்திருக்கிறது என்ற நிலையின் பெயர். அதனுடன் வரும் ‘எப்பாங்ஷ்மான்’ என்ற சொல், மூட்டுக்குள் நீர் கட்டியிருக்கிறது என்று பொருள்படும். இரண்டும் கண்ணால் கண்டதைச் சொல்கின்றன. ஏன் அவ்வாறு ஆயிற்று என்பதைச் சொல்வதில்லை. வாதம், அடிபட்ட காயம், கிருமித் தொற்று, காசநோய், லைம் நோய் ஆகிய எதுவாயினும் மூட்டுக்குள் நீர் கட்டலாம், சவ்வு தடிக்கலாம். உடைந்த கதவின் புகைப்படம் கதவு உடைந்ததைக் காட்டும். உடைத்தவர் யார் என்பதை வேறு சான்றுகளால்தான் நிறுவ வேண்டும். லைம் நோயைப் பொறுத்தவரை அந்தச் சான்றுகள் இரண்டு: குருதிப் பரிசோதனையும், நீங்கள் எங்கெங்கு நடமாடினீர்கள் என்று மருத்துவரிடம் கூறும் விவரமும்.

இந்நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்ததே முழங்கால் வீக்கத்தின் வழியாகத்தான். 1975இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரையும் அதன் அயலூர்களையும் சேர்ந்த தாய்மார், தங்கள் தெருக்களில் பல பிள்ளைகளுக்கு ஒரே காலத்தில் மூட்டு வீக்கம் கண்டிருப்பதைக் கவனித்து அதிகாரிகளிடம் முறையிட்டனர். சிறுவர்களுக்கு வரும் வாதம் என்றே அதுவரை மருத்துவர்கள் கூறி வந்தனர். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் ஸ்ரீயர் குழுவினர் ஆராய்ந்து, 39 பிள்ளைகளும் 12 பெரியவர்களும் ஒரே வகையான மூட்டழற்சிக்கு உள்ளாகியிருந்ததை 1977இல் வெளியிட்டனர். வாதம் ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பரவுவதில்லை என்ற எளிய தர்க்கத்தைத் தாய்மார்கள் விடாமல் வலியுறுத்தியதன் பயன் இது. நோய்க்குக் காரணமான சுருள் வடிவப் பற்றீரியாவை வில்லி பேர்க்டோர்ஃபர் கண்டறிந்த செய்தி 1982இல் வெளியாயிற்று. அவர் பெயரையே அப்பற்றீரியா தாங்கி நிற்கிறது. கியூபெக்கில் 2003 முதல் லைம் நோய், பொதுச் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளது.

இவ்விடத்தில் ஓர் அச்சத்தைப் போக்குவது அவசியம். ‘கட்டாய அறிவித்தல்’ என்ற சொற்றொடரைக் கேட்டுச் சிலர் கலங்குவதுண்டு. மருத்துவரும் ஆய்வுகூடமும் பொதுச் சுகாதாரத் துறைக்குச் செய்யும் அறிவித்தல் அது. நோய் எங்கே பரவுகிறது என்று கணிப்பதே அதன் நோக்கம். குடிவரவு விண்ணப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நோயாளியின் தகவல்களை இரகசியமாகப் பேணும் கடமை அதனால் நீங்கிவிடுவதும் இல்லை.

முழங்கால் ஏன் மாதங்கள் கழித்து வீங்குகிறது?

கறுங்கால் உண்ணி, பிரெஞ்சில் ‘தீக்’ எனப்படுவது, இளம் பருவத்தில் கசகசா விதையளவே இருக்கும். வளர்ந்த பின்னும் எள்ளைவிடச் சற்றே பெரிது. ஊரில் மாட்டின் காதோரம் திராட்சைபோல் உப்பித் தொங்கும் உண்ணியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உண்ணி என்றே தோன்றாது. வெள்ளைக்கால் எலிகளிடமிருந்து பற்றீரியாவைப் பெறும் இவ்வுண்ணி, மனிதரின் தோலில் ஒட்டி, பொதுவாக 24 மணி நேரத்துக்குமேல் குருதி உறிஞ்சிய பின்னரே நோயைக் கடத்துகிறது. மான்கள் வளர்ந்த உண்ணிகளுக்கு உணவாகி அவற்றின் பெருக்கத்துக்கு உதவுகின்றனவே தவிர, பற்றீரியாவை அவற்றுக்குக் கொடுப்பதில்லை. அயல் நகரமான லோங்கேயின் மிஷேல் ஷார்த்ரான் பூங்காவில் மான்களைக் குறைப்பது பற்றிய விவாதம் நீதிமன்றம் வரை சென்றதைப் பலர் செய்திகளில் படித்திருப்பீர்கள். அவ்விவாதத்தின் முடிவு எதுவானாலும் எலிகள் இருக்கும் வரை உண்ணிக்குப் பற்றீரியா கிடைத்துக்கொண்டே இருக்கும்.

கடிபட்ட 3 முதல் 30 நாட்களுக்குள் பெரும்பாலோருக்குக் கடிவாயைச் சுற்றி ஒரு சிவந்த படை தோன்றி, நாளுக்கு நாள் அகன்று 5 சென்ரிமீற்றரைத் தாண்டும். அதற்கு வலியோ அரிப்போ பெரிதாக இராது. நமது தோல் நிறத்தில் இப்படை சிவப்பாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கருஞ்சிவப்பாகவோ, கன்றிப்போன காயம்போலவோ, வெறும் கருமையாகவோ தோன்றலாம். முழங்காலின் பின்புறத்திலோ முதுகிலோ இருந்தால் எவர் கண்ணிலும் படாது. மருத்துவப் பிரசுரங்களில் காணும் படங்கள் பெரும்பாலும் வெளிர்ந்த தோலில் எடுக்கப்பட்டவை; அவற்றைப் பார்த்துவிட்டு ‘எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை’ என்று முடிவுசெய்வது எளிது. அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆய்வுகளில், கறுப்பினத்தவருக்குப் படை நிலையில் நோய் அறியப்படுவது குறைவாகவும், மூட்டழற்சி நிலையில் அறியப்படுவது கூடுதலாகவும் இருந்தது. தமிழரைப் பற்றித் தனி ஆய்வை எடுத்துக்காட்ட இயலாவிட்டாலும், கரிய தோலுடைய எவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். நம்மில் ஒருவருக்கு வீங்கிய முழங்காலே இந்நோயின் முதல் அடையாளமாக அமைந்துவிடலாம்.

படையுடன் வந்து சிகிச்சை பெறாதவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஸ்ரீயர் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், 55 பேரில் ஏறத்தாழ ஐவருக்கு மூவர் வீதம் பின்னர் உண்மையான மூட்டழற்சிக்கு உள்ளாகினர். பெரும்பாலும் முழங்கால், ஒன்று அல்லது இரண்டு மூட்டுகள் மட்டும். வீக்கம் பெரிதாக இருக்கும். வலி அந்த அளவுக்கு இராது. முழங்கால் பந்துபோல் உப்பியிருக்க, பிள்ளை அதனோடேயே நொண்டிக்கொண்டு பாடசாலைக்குச் செல்வதும் உண்டு. மற்றொரு தன்மை மேலும் ஏமாற்றக் கூடியது: சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் வீக்கம் வடிந்து, சில மாதங்களில் மீண்டும் வரும். வீட்டில் தைலம் பூசியிருந்தால் தைலத்தால் குணமாயிற்று என்றே எவரும் நினைப்பர். தைலம் பூசுவதில் தீங்கில்லை. வடிந்த வீக்கத்தைக் குணமான நோய் என்று கருதி மருத்துவரிடம் செல்லாதிருப்பதில்தான் தீங்கு.

மூன்று வகைப் படங்கள்

மருத்துவர் பெரும்பாலும் முதலில் கேட்பது எக்ஸ்-கதிர்ப் படம், பிரெஞ்சில் ‘ராதியோகிராஃபி’. சில நிமிடங்களில் முடியும். முழங்காலுக்குத் தேவைப்படும் கதிர்வீச்சும் மிகச் சிறிது. லைம் மூட்டழற்சியின் தொடக்கத்தில் இப்படத்தில் எலும்புகள் இயல்பாகவே இருக்கும். நீர் கட்டியதால் மென்தசைகள் விலகியிருப்பதும், முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புப் பகுதி மங்கியிருப்பதும் மட்டுமே தெரியும். நோய் நெடுநாள் நீடித்த சிலரில் குருத்தெலும்பு தேய்வதும், மூட்டை அடுத்த எலும்பு சற்று நலிவதும், அரிதாக எலும்பின் விளிம்பு அரிக்கப்படுவதும் காணப்படும். அப்படியானால் தொடக்கத்திலேயே இப்படம் எதற்கு என்று கேட்கலாம். முறிவு இல்லை, கட்டி இல்லை, முதுமைத் தேய்வு இல்லை என்று விலக்குவதற்கு. ‘எக்ஸ்-கதிரில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லை ‘முழங்காலில் ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்ளலாகாது.

இரண்டாவது, மீயொலிப் படம், ‘எக்கோகிராஃபி’. கருவுற்ற தாய்மார்களுக்குச் செய்யும் அதே கருவிதான். என் எண்ணத்தில் லைம் நோய்ச் சந்தேகத்தில் நோயாளிக்கு மிகுந்த பயன் தருவது இதுவே. ஆயினும் நம்மவர் இதனை எம்.ஆர்.ஐ.க்கு அடுத்தபடியான மலிவுப் பொருளாகக் கருதுவதைக் காண்கிறேன். கட்டியிருக்கும் நீரின் அளவையும், சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்பதையும் இது அந்தக் கணமே காட்டும். டொப்ளர் என்ற முறையைப் பயன்படுத்தினால், தடித்த சவ்வினுள் குருதியோட்டம் கூடியிருக்கிறதா என்பது திரையில் நிறமாகத் தெரியும். குருதியோட்டம் கூடியிருப்பது அழற்சி இப்போது செயற்பாட்டில் இருப்பதன் அறிகுறி. அசையாமல் நெடுநேரம் கிடக்க வேண்டியதில்லை என்பதால் சிறு பிள்ளைகளுக்கும் உகந்தது.

முழங்காலின் பின்புறத்தில் நீர் ஒரு பைபோல் திரள்வதையும் மீயொலி காட்டும். பேக்கர் நீர்ப்பை எனப்படும் இது சில வேளை வெடித்து, நீர் கெண்டைக்கால் வரை இறங்கி, கால் முழுவதும் வீங்கி வலிக்கும். காலின் ஆழ்ந்த நாளங்களில் குருதி உறையும்போதும் அறிகுறிகள் ஏறத்தாழ இவையே. குருதி உறைவு உயிருக்கு ஆபத்தானது; அதற்கான மருந்தும் வேறு. ஆகவே கெண்டைக்கால் திடீரென வீங்கினால் வீட்டில் காத்திராமல் அன்றே காட்ட வேண்டும். மீயொலிக் கருவியால் இரண்டையும் ஒரே இருக்கையில் பிரித்தறியலாம்.

மீயொலியின் துணையுடன் மருத்துவர் ஊசி செலுத்தி மூட்டுநீரை எடுக்கலாம். இதனைப் ‘பொங்சியோன்’ என்பர். ஊசி என்றதும் மறுப்பவர்கள் பலர், அது நன்றன்று. எடுத்த நீரில் வெள்ளணுக்களை எண்ணுவர். லைம் மூட்டழற்சியில் ஒரு மைக்ரோலீற்றருக்கு 10,000 முதல் 25,000 வரை இருப்பது வழக்கம். சிலரில் 100,000 வரை உயர்ந்து, சீழ் பிடித்த மூட்டோ என்று ஐயுற வைக்கும். சாதாரணக் கிருமி இருந்தால் ஆய்வுகூடத்தில் அது வளரும். லைம் பற்றீரியா அவ்வாறு வளர்வதில்லை. அதன் மரபணுத் துணுக்கை மட்டும் வேறொரு சோதனையால் அந்நீரில் தேட முடியும். நீரை வெளியேற்றிய அளவில் முழங்காலின் இறுக்கமும் தணிந்துவிடும்.

மூன்றாவது, காந்தப் புலத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம், இங்கு ‘இ.எர்.எம்.’ என்பர். சவ்வு, குருத்தெலும்பு, தசை, நரம்பு நாண்கள் அனைத்தையும் மிக நுட்பமாகக் காட்டுவது இதுவே. கடோலினியம் என்ற மருந்தை நாளத்தில் செலுத்தி எடுத்தால் அழற்சியுற்ற சவ்வு ஒளிர்ந்து தெரியும். பிள்ளைகளின் மூட்டில் சீழ் பிடித்துள்ளதா, லைம் நோயா என்ற இக்கட்டான கேள்வியில் எம்.ஆர்.ஐ. உதவக்கூடும் என்று 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது: மூட்டைச் சுற்றிய தசைகளில் அழற்சி, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களின் வீக்கம், தோலுக்கு அடியில் நீர் கோக்காதிருத்தல் ஆகிய மூன்றும் லைம் நோயின் பக்கம் சாய்ந்த குறிகள். இவையும் சாய்வுகள் மட்டுமே. எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் படத்தில் பற்றீரியா தெரிவதில்லை. எலும்பு ஸ்கான் எனப்படும் அணு மருத்துவப் படமும் அழற்சி உள்ள இடத்தை மட்டும் காட்டும். லைம் நோயை அறிய அது பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் தரப்படும் வினாப்பத்திரத்தைப் புரியாமல் ‘இல்லை’ என்று வரிசையாகக் குறியிட்டுவிடாதீர்கள். இதயமுடுக்கி, காது உட்கருவி, கண்ணிலோ உடலிலோ உலோகத் துண்டு, சிறுநீரக நோய், கர்ப்பம் ஆகியவற்றை அது கேட்கும். போர்க்காலத்தில் செல் துண்டு பட்டவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். பழைய கதை என்று மறைக்காமல் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். உடலுள் தங்கிய உலோகம் காந்தப் புலத்தில் அசையவோ சூடேறவோ கூடும். எங்கே உள்ளது என்று ஐயம் இருப்பின் முன்கூட்டியே எக்ஸ்-கதிர் எடுத்துப் பார்ப்பார்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

படம் பார்க்கும் கதிரியல் மருத்துவர் பெரும்பாலும் உங்களைச் சந்திப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது உங்கள் மருத்துவர் அனுப்பும் கோரிக்கைத் தாளும் அதில் உள்ள ஓரிரு வரி விவரமுமே. ‘முழங்கால் வலி’ என்று மட்டும் அதில் இருந்தால், அவர் எழுதும் முடிவும் பொதுவானதாகவே அமையும். ‘கோடையில் உண்ணிக் கடிக்கு வாய்ப்புண்டு, லைம் நோயா என்று பார்க்கவும்’ என்ற ஒரு வரி சேர்ந்திருந்தால் அவர் தேடுவதும் மாறும், எழுதுவதும் மாறும். ஆகவே சொல்லுங்கள்: செப்ரெம்பரில் ரூஜ்மோனில் ஆப்பிள் பறித்தது, சேன்-புருனோ மலையில் நடந்தது, வால்-மொரினில் உள்ள முருகன் கோயிலுக்குச் சென்று மரங்களிடையே அமர்ந்து உண்டது, எல்லைக் கோட்டுக்கு அப்பால் போன கிரிக்கெட் பந்தைப் புதரில் தேடியது, வீட்டுப் பின்புறத்தில் இலைகளைக் கூட்டியது. ‘மலாடி து லீம்’ என்ற பெயரை நினைவில் வைத்து, அதற்கான குருதிப் பரிசோதனை தேவையா என்று நேராகவே கேட்கலாம். கடியை நீங்கள் கண்டிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

அதே மூச்சில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும்: கடந்த ஓராண்டில் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ சென்றீர்களா, காசநோய் உள்ள எவருடனாவது வாழ்ந்தீர்களா என்பது. 2006இல் தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஆட்டிப்படைத்த சிக்குன்குன்யாவின் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிப்பது பலர் அனுபவம். அது பெரும்பாலும் இரு கைகளின் விரல்களையும், மணிக்கட்டு, கணுக்கால்களையும் சமச்சீராகத் தாக்கும். வீக்கத்தைவிட வலி மிகும். காசநோயோ லைம் நோய்போலவே ஒரே ஒரு பெரிய மூட்டை, மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் வீங்கச் செய்யும். படத்தில் எலும்பின் ஓரங்கள் அரிக்கப்பட்டும் மூட்டை அடுத்த எலும்பு நலிந்தும் காணப்பட்டால் மருத்துவர் அதனை நினைப்பார். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ ஒரு மருத்துவருக்கு முதலில் தோன்றுவது காசநோய். இங்குள்ள மருத்துவருக்கு லைம். இரண்டு மண்ணிலும் கால் வைத்தவரின் முழங்காலுக்கு இரண்டு கேள்விகளும் தேவை.

குருதிப் பரிசோதனை இரு கட்டங்களில் செய்யப்படுகிறது. நோயின் முதல் வாரங்களில் உடல் இன்னும் பிறபொருளெதிரிகளைப் போதிய அளவு உருவாக்கியிராததால் முடிவு ‘இல்லை’ என்று வரக்கூடும். படை தெளிவாகத் தெரிந்தால் முடிவுக்குக் காத்திராமலே மருத்துவர் சிகிச்சை தொடங்குவார். மூட்டழற்சி வரும் காலத்தில் நிலைமை வேறு. மாதங்கள் கழிந்திருப்பதால் பரிசோதனை ஏறத்தாழ எப்போதும் ‘ஆம்’ என்றே வரும். எனவே மாதக்கணக்கில் நோயிருந்தும் ‘இல்லை’ என வந்தால் மருத்துவர் வேறு காரணத்தைத் தேடுவது முறையே. அத்தருணத்தில் தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்குப் பணம் அனுப்பி ‘ஆம்’ என்ற முடிவை வாங்கிவருவது பயன் தராது.

பிள்ளைக்குக் காய்ச்சலுடன் முழங்கால் வீங்கி, காலை ஊன்றவே முடியாமலும் சற்று மடக்கினாலே அலறும்படியும் இருந்தால் மேற்கூறிய எதற்கும் காத்திருக்க வேண்டாம். மூட்டில் சீழ் பிடித்திருந்தால் மணித்தியாலங்களில் குருத்தெலும்பு கெடும். கிரீன்ஃபீல்ட் பார்க்கில் உள்ள ஷார்ல்-லெ-முவான் வைத்தியசாலையின் அவசரப் பிரிவு போன்ற ஓர் இடத்துக்கு உடனே செல்லுங்கள்.

கட்டணமும் உரிமையும்

சூரிய அட்டை வைத்திருப்பவர்களுக்கு, மருத்துவர் எழுதித் தந்த படங்கள் அரச வைத்தியசாலையில் எடுக்கப்பட்டால் கட்டணம் இல்லை, எம்.ஆர்.ஐ.யும் அதில் அடங்கும். எக்ஸ்-கதிர்ப் படத்தைத் தனியார் கதிரியல் நிலையத்தில் எடுத்தாலும் ஆர்.ஏ.எம்.கியூ. ஏற்கிறது. அத்தகைய நிலையங்களில் கதிரியல் மருத்துவர் செய்யும் மீயொலிப் படமும் 2016 டிசெம்பர் முதல் அவ்வாறே. தனியார் நிலையத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.க்கு மட்டும் பல நூறு டொலரை நீங்களே செலுத்த வேண்டும். வேலைத்தலக் காப்புறுதி ஒரு பகுதியைத் தரலாம். பணம் கட்டும் முன் கேட்டறிக. அகதி நிலை கோரியிருப்போரின் மருத்துவர், வைத்தியசாலை, ஆய்வுகூடச் செலவுகளுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உள்ளது.

அந்தப் பல நூறு டொலரை உடனே செலவிடத் துடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ.க்கு நெடுநாள் காத்திருப்பு என்பது உண்மை. ஆனால் வீங்கிய முழங்கால் லைம் நோயால் வந்ததா என்ற கேள்விக்கு விடை பெற, குருதிப் பரிசோதனையும், தேவையானால் மீயொலியும் ஊசியும் பெரும்பாலும் போதும். அவற்றுக்குக் கட்டணமும் இல்லை, அவ்வளவு காத்திருப்பும் இல்லை. குருதி கொடுப்பதற்கான நேரத்தைக் கிளிக் சாந்தே வழியாகப் பதிவு செய்யலாம். ஒரு படத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிவைப்பதில் பொருளில்லை.

கியூபெக் குடியியற் சட்டக்கோவையின்படி எந்தப் பரிசோதனையும் உங்கள் இசைவின்றிச் செய்யப்படலாகாது; இசைவு தருமுன் அது எதற்கு, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று கேட்டறியும் உரிமை உண்டு. 14 வயது நிறைந்த பிள்ளை தன் உடல்நிலைக்குத் தேவையான சிகிச்சைக்குத் தானே இசைவு தரலாம் என்பதைப் பெற்றோர் பலர் அறியார். அதனால் மருத்துவர் மகனிடமோ மகளிடமோ நேரடியாகப் பேசினால் அது அவமதிப்பன்று. அதேவேளை, பெற்றோரின் நோயைப் பற்றிய உரையாடலுக்குப் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவதைத் தவிருங்கள். சந்திப்புக்கு நேரம் பதியும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று வைத்தியசாலையிடம் கேளுங்கள். அறிக்கைகளைக் கார்னே சாந்தே கெபெக் என்ற இணையச் சேவையில் பார்க்கலாம். படங்களின் பிரதியையும் கோரிப் பெறலாம்.

பண்ணையிலோ தோட்டப் பராமரிப்பிலோ வேலை செய்யும்போது கடிபட்டு நோயுற்றவர்கள், அதனை வேலைசார்ந்த நோயாக ஏற்குமாறு சி.என்.இ.எஸ்.எஸ்.ரி.யிடம் கோரலாம். வேலையால் வந்த நோய் என அறிந்த நாளிலிருந்து ஆறு மாத காலத்துக்குள் கோர வேண்டும். ‘தாமதமாயிற்று’ என்பதற்கு மொழி தெரியாமை எளிதில் ஏற்கப்படும் காரணம் அன்று.

சிகிச்சையும் அதன் பின்னும்

லைம் மூட்டழற்சி உறுதியானால் டொக்சிசைக்கிளின் அல்லது அமொக்சிசிலின் போன்ற குளிசையை 28 நாட்கள் எடுக்கும்படி தருவர். வீக்கம் பத்தாம் நாள் குறைந்தாலும் இடையில் நிறுத்தலாகாது. காரணம் தெரியாத நிலையில் ‘விரைவில் குணமாகட்டும்’ என்று மூட்டுக்குள் ஸ்ரீரொயிட் ஊசி போடுமாறு மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். பற்றீரியா இருக்கும்போது முதலில் தேவை அதனைக் கொல்லும் மருந்தே. குளிசை முடிந்தபின்னும் வீக்கம் எஞ்சியிருந்தால் இரண்டாம் முறை குளிசையோ, இரண்டு முதல் நான்கு வாரம் நாளத்தின் வழி செலுத்தும் மருந்தோ தரப்படலாம். அதன் பின்னரும் ஒரு சிறு பகுதியினருக்குச் சவ்வின் அழற்சி தொடர்வதுண்டு. பற்றீரியா ஒழிந்த பிறகும் உடலின் எதிர்ப்பாற்றல் அடங்காததே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. அவர்களை வாதநோய் நிபுணர் பொறுப்பேற்று, வேறு மருந்துகளால் அழற்சியைத் தணிப்பார். இந்தக் கட்டத்தில் மீயொலி மீண்டும் துணைக்கு வரும்: சவ்வின் தடிப்பும் குருதியோட்டமும் குறைந்து வருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். குருதிப் பரிசோதனையை மறுபடி செய்வது உதவாது. குணமடைந்தவரின் குருதியிலும் பிறபொருளெதிரிகள் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ‘இன்னும் ஆம் என்று வருகிறதே’ என்று அஞ்ச வேண்டியதில்லை.

தோலில் உண்ணியைக் கண்டால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து அகற்றுங்கள். தீக்குச்சி வைப்பதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும், எண்ணெய் பூசுவதும் வேண்டாம். பிறகு உண்ணியை ஒரு சிறு குப்பியில் இட்டு நாளைக் குறித்து வையுங்கள். அதன் புகைப்படத்தை பிஷப்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கிய ஈ-டிக் இணையத்தளத்துக்கு அனுப்பினால் எவ்வகை உண்ணி என்று சொல்வார்கள். 24 மணி நேரத்துக்குமேல் ஒட்டியிருந்து, அகற்றி 72 மணி நேரம் கடவாதிருந்தால், ஒரே ஒரு வேளை டொக்சிசைக்கிளின் நோயைத் தடுக்கக்கூடும். குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதனை உங்கள் மருந்தகத்தின் மருந்தாளரே எழுதித் தர முடியும்.

குடும்ப மருத்துவர் இல்லாதவர்கள் 811 என்ற எண்ணை அழைத்து மூன்றாம் தெரிவின் மூலம் சந்திப்புக் கோரலாம்; தாதியரின் ஆலோசனைக்கு முதலாம் தெரிவு, எந்நேரமும் கிடைக்கும். அழைக்கும்போது சூரிய அட்டை, எடுக்கும் மருந்துகளின் பெயர், வீக்கம் தொடங்கிய திகதி ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். வீக்கம் வடிந்து மீண்டும் வந்திருந்தால் இரண்டு திகதிகளையும் குறித்துக் கொள்ளுங்கள்.